பெயர் ஒட்டாத டப்பா

"உங்க கல்லீரல்ல கொழுப்பு அதிகமா இருக்கும்மா. இப்படியே அதுல ஒரு துண்டை வெட்டி உங்க வீட்டுக்காரருக்கு வெச்சா அவரும் தேற மாட்டார், உங்களுக்கும் ஆபத்து" என்று டாக்டரம்மா சொன்னபோது சாபிரா முதலில் கேட்டது, "எத்தினி கிலோ கொறையணும் மேடம்?" என்பதுதான்.

எட்டுக் கிலோவாவது குறைய வேண்டும். கல்லீரல் கொழுப்பும் இறங்க வேண்டும். எவ்வளவு நாளில் என்று கேட்டாள். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவர் அத்தாவுல்லாவை டாக்டர் பார்த்தார். வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி, கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. "சீக்கிரம்" என்றார்.

தண்டையார்பேட்டையில் டிரெய்லர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை அத்தாவுல்லாவுடையது. ஒரு சொட்டு மது தொடாதவர். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை உள்ளேயே தங்கிக் கல்லீரலைத் தின்றுவிட்டது. "பாய் தெரியாம ஊத்திகினு இருந்திருப்பாரு" என்று தெருவில் சொன்னவர்களும் உண்டு. அவருடைய தம்பியின் ரத்தம் சேரவில்லை. மகள் ரூஹிக்குப் பத்து வயது. சாபிராவின் ரத்தம் மட்டும் சேர்ந்தது. அல்லாஹ் ஒரு கதவைத் திறந்துவிட்டு, அதன் குறுக்கே அவள் உடம்பையே வைத்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் நடக்க ஆரம்பித்தாள். விடியற்காலையில் பர்தாவோடு தனியாக வேகநடை நடக்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். "என் வண்டி கூடவே வா. குப்ப வண்டி பக்கத்துல எவனும் வர மாட்டான்" என்றாள். தாயம்மா வீதி வீதியாக வண்டியைத் தள்ள, சாபிரா பக்கத்தில் நடந்தாள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று வீசிய நாட்களில் பர்தாத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள்.

நடை மட்டும் போதவில்லை. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. காலையில் பெண்களுக்குத் தனி நேரம். பயிற்சி கொடுத்தவன் வியாசர்பாடிக்காரன், சித்தார்த். அவனுடைய மேஜையில் இருந்த ஒரு பெட்டியை ஒருநாள் எடுத்துப் பார்த்தாள்.

"தம்பி, இது அமினோ ஆசிடா?"

"ஆமாக்கா. எக்சர்சைஸ் பண்றவங்க எடுத்துக்குவாங்க. சத போவாது, கொழுப்பு மட்டும் எறங்கும்னு சொல்வாங்க."

"எங்கூட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரில இதான் குடுக்கறாங்கோ."

"அப்ப நல்லதுதானே."

இருவரும் அங்கேதான் தவறினார்கள். அத்தாவுல்லாவுக்கு டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்திருந்தது உண்மை. நோயில் உருகும் சதையைக் காக்க அமினோ ஆசிட் பொடி. காலையில் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து டீ குடித்தால் கடைசி வாயை அவளுக்கு வைத்துவிடுவார். இந்தப் பொடித் தண்ணீரிலும் வைத்தார். அவளும் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன கல்லீரலுக்கே நல்லது என்றால் தனக்கு என்ன செய்துவிடும் என்று நினைத்தாள்.

ஆனால் ஜிம்மில் இருந்தது தூளை அடைத்த கேப்சூல் மாத்திரை. "இந்த மேல் தோலு எதுல செஞ்சது தம்பி?"

"ஜெலட்டின்க்கா."

"மாட்டுதா, பன்னிதா?"

சித்தார்த் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "போடலக்கா. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப எனக்கு வேணாம்பா."

மறுநாள் அவன் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினான். மத்தியானம் ஜிம் காலியாக இருந்த நேரத்தில் ஒவ்வொரு கேப்சூலாகப் பிரித்து உள்ளேயிருந்த தூளை மட்டும் கொட்டி வைத்திருந்தான். "தோல எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். வெறும் தூளுதான்." விரல் நகங்களில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. சாபிராவுக்கு அழுகை வந்தது. அவன் நல்லவன். அந்தக் காரியமும் நல்ல மனதில் செய்ததுதான். டப்பாவில் பெயர் மட்டும் இல்லை.

தினமும் தூளைக் குடித்தாள். சோற்றைக் குறைத்தாள், பிறகு இரவுச் சாப்பாட்டையே விட்டாள். எடைக் கருவியின் முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. வீட்டில் அத்தாவுல்லாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கல்லீரல் கழிக்காத நஞ்சு மூளைக்கும் ஏறியது; ஒரு காலை ரூஹியைப் பார்த்து, "இது யார் வூட்டு கொழந்த?" என்று கேட்டார். பொடி சரியாகக் கலந்திருக்கிறதா என்று சாபிரா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அன்று ஜிம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, இன்னும் கொஞ்சம் ஸ்டிராங்கா எதனா குடுப்பா. அவரு கையை வுட்டுப் போய்கினே கீறாரு."

சித்தார்த் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். என்ன கலந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அதன் பிறகு எடை சரசரவென இறங்கியது. பசியே எடுக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது. தாயம்மா வண்டியை நிறுத்தி அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடி இது, கண்ணு உள்ள போய்கினு கீது? துன்றியா இல்லியா?"

"எட்டு கிலோ கொறஞ்சிட்டேன்க்கா."

"எட சரி. ஆளு எங்கடி?"

சாபிரா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பெருநாளைக்குப் போவதுபோல் புதுச் சேலை கட்டினாள்.

டாக்டரம்மா எடையைப் பார்த்துத் தலையசைத்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லீரல் அடிபட்டிருக்கும்மா. போன தடவை கொழுப்பு மட்டும்தான். இப்போ புண்ணாகியிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

"அவருக்கு நீங்க குடுக்கறீங்களே மேடம், அதே அமினோ ஆசிடுதான்."

"அது உடம்பு உருகின நோயாளிக்கு, அளவு பார்த்துக் கொடுக்கிறது. கொழுப்பைக் கரைக்கிற மருந்து இல்லை. ஆனா அதனால மட்டும் இப்படி ஆகாது. டப்பாவுல வேற என்ன இருந்தது?"

சாபிரா பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். டாக்டர் அதைச் சுற்றிப் பார்த்தார். ஒரு எழுத்துகூட இல்லை. "என்னன்னு தெரியாம நான் உங்க மேல கத்தி வைக்க முடியாது."

நேராக ஜிம்முக்குப் போனாள். முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். சித்தார்த் தரையைப் பார்த்துக்கொண்டு, "அமினோதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட உடம்பில் தெம்பும் இல்லை. "ஒவ்வொண்ணா ஒடைச்சிக் குடுத்தியேப்பா. அந்தக் கைய நம்பித்தான் குடிச்சேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினாள். வீட்டில் தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தவளுக்குக் கேட்க வார்த்தை வரவில்லை. அவரைக் காப்பாற்று என்று கேட்டாளா, தன்னை மன்னித்துவிடு என்று கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மனிதர் சொல்லத் தெரியாமல் நிற்பதையும் இறைவன் கேட்கிறான் என்பது நம் நம்பிக்கை.

மறுநாள் காலை, நிலை இன்னும் மோசமான அத்தாவுல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது சித்தார்த் வந்து நின்றான். ஜிம் பனியனோடு வந்திருந்தான். கையில் ஒரு பெட்டி.

"இதத்தான் மேடம் கலந்தேன். அக்கா அழுதாங்க. எதனா பண்ணணும்னு தோணிச்சி. பச்ச டீ சத்துன்னு போட்ருந்திச்சி. டீ தானேன்னு..."

டாக்டர் பெட்டியின் பொடி எழுத்துகளைப் படித்தார். "டீ இல்லப்பா. டீயைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்ட வெச்ச சத்து. அளவு மீறினா சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். நேத்தே சொல்லியிருக்கலாம்." பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "இன்னைக்காவது வந்தியே. இனிமே இது என்ன காயம்னு எங்களுக்குத் தெரியும். ஆறுதான்னு பார்க்கலாம்" என்றார்.

எல்லாத் தூளையும் நிறுத்தச் சொன்னார். வேளைக்குச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அவர் தாங்குவாரா என்று சாபிரா கேட்டாள். "பார்ப்போம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சாபிரா கேட்டாள். "வேலைக்குப் போவலியா?"

"பொட்டிய எடுத்துகினு எங்க போறேன்னு ஓனர் கேட்டாரு. சொன்னேன். இனிமே வராதன்னுட்டாரு." பிறகு மெதுவாக, "என்னத் திட்டுக்கா" என்றான்.

"திட்டுனா அவரு எழுந்துக்குவாரா? போ, எதனா துன்னுட்டு வா."

அந்த வாரங்களில் சாபிரா பட்டது அவளுக்குத்தான் தெரியும். முன்பு முள் இறங்கினால் நம்பிக்கை வரும். இப்போது சாப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கவளமும் அவருடைய நாளைத் தின்பதுபோல் இருந்தது. தாயம்மா விடியலில் அவித்த முட்டையோடு வந்தாள். "மஞ்சக் கருவ எடுத்துட்டேன். துன்னுட்டு நட. பசியோட நடந்து உழுந்தீன்னா என் வண்டிலதான் அள்ளிப் போட்டுகினு போவணும்." சித்தார்த்தும் அந்த நடையில் சேர்ந்துகொண்டான். ஏற்றமான இடங்களில் வண்டியைத் தள்ளினான். மூவரும் சுங்கச்சாவடி வரை போய்த் திரும்புவார்கள்.

இரண்டாவது பரிசோதனையில் காயம் ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார்கள். கடைசியாக ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "போதும். வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் அவருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வராம இருக்கணும். வந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

வியாழக்கிழமைக்கு நடுவில் இன்னும் நாட்கள் இருந்தன.

சாபிரா வார்டுக்குப் போனாள். அத்தாவுல்லா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தாங்க, சாபிரா" என்றாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. பொடியைக் கரைத்து, முதுகில் கை கொடுத்துத் தூக்கி, தம்ளரை உதட்டில் வைத்தாள். சின்னச் சின்ன வாயாகக் குடித்தார். பெயர், நாள், ஊர் எல்லாம் அவரை விட்டுப் போயிருந்தன.

அடியில் ஒரு வாய் மிச்சமிருக்கும்போது நிறுத்தினார். நடுங்குகிற கையால் தம்ளரைப் பிடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

சாபிரா அந்தக் கையைத் தம்ளரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இத நீங்கதான் குடிக்கணும்" என்று மறுபடி அவர் உதட்டில் வைத்தாள். "எனக்கு தாயம்மாக்கா முட்ட குடுத்தனுப்பிச்சி கீறாங்க. தோ பாருங்க, துன்றேன்."

அவர் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அவள் தூக்குச் சட்டியைத் திறந்து, அவர் கண்ணெதிரே, மெதுவாகச் சாப்பிட்டாள்.