தள்ளி எடுத்த சீட்டு

அந்தோணிமேரி வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அம்சவல்லிக்கு வயிறு எரியும். சுங்குவார்சத்திரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். புருஷன்மார் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே சம்பளம். ஓ.டி.யை நிறுத்தியபோதும் இருவருக்கும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். விலைவாசி மட்டும் நிற்கவில்லை. இவள் காப்பித்தூளை விட்டாள். தேங்காயை வாரத்துக்கு ஒன்றாக்கினாள். அவளோ குக்கர் வாங்கினாள், போன மாதம் மிக்சியும் வாங்கினாள். அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

அம்சவல்லி இழுத்துப் பிடித்ததெல்லாம் கூரைக்காக. கீற்று மக்கி, போன மழையில் பிள்ளைகள் இரண்டும் நனைந்து காய்ச்சலில் கிடந்தார்கள். ஐப்பசிக்குள் ஷீட் போட்டாக வேண்டும். மளிகைக்கடை முனிரத்தினத்திடம் மாதம் நூறு ரூபாய் ஏலச்சீட்டு கட்டிவந்தாள். இருபது பேர், இரண்டாயிரம். அதில் அதிகம் தள்ளி, குறைத்துக் கேட்பவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை இருபது பேரும் கழிவாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். சீட்டு எடுக்காமல் பாக்கி இருந்தது இவளும் அந்தோணிமேரியும் சேர்த்து மூன்றே பேர். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் முழுசாக வரும். பொறுக்கத்தான் இருந்தாள்.

ஆவணி ஏலத்தில் அந்தோணிமேரி "நூறு தள்ளி" என்று ஆரம்பித்தாள். அடுத்து டி.வி. வரப்போகிறது என்று அம்சவல்லிக்குப் பட்டது. அந்தக் கூரைமேல் ஆன்டெனாகூடத் தெரிந்தது.

"எரநூறு" என்றாள்.

"முந்நூறு."

"நானூறு!"

"இன்னாம்மா இது, கடைசியில போயி யாராவது இப்டித் தள்ளுவாங்களா?" என்றார் முனிரத்தினம். யார் காதில் விழுந்தது? அந்தோணிமேரி அறுநூறு என்றதும் இவள் எழுநூறு என்றாள். அத்தோடு அந்தோணிமேரி வாயை மூடிக்கொண்டாள். சீட்டு அம்சவல்லிக்கு. ஜெயித்த சந்தோஷம் கடை வாசல் வரைக்கும் இருந்தது.

வாசலில் அந்தோணிமேரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப தேங்ஸ்க்கா. ஒரே மாசத்துல முப்பத்தஞ்சு ரூபா கழிவு எனக்கு எப்பவும் கெடைச்சதில்ல."

"நீ எடுக்கத்தான கேட்ட?"

"நான் எங்கக்கா எடுக்கறது? ஏத்தி வுட்டா கழிவு ஏறும்ல? ரெண்டு எடத்துல சீட்டு கட்டிகினு கீறேன், ரெண்டுலயும் கடைசியாத்தான் எடுப்பேன். மிக்சிகூட அப்டி மிச்சம் புடிச்சதுதான். எங்க நிறுத்தணும்னு தெரியணும், அவ்ளோதான்."

அம்சவல்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வீட்டுக்கு வரப்போகிற டி.வி.க்கு இவளே அல்லவா படியளந்திருக்கிறாள்!

ஆயிரத்து முந்நூறோடு வந்தவளைப் புருஷன் பரசுராமன் திட்டவில்லை. பணத்தைப் பார்த்தான், கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"இதுல பாதிக்குத்தான் ஷீட் வரும். பசங்க படுக்கற பக்கம் போட்டுடலாமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தோணிமேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றாள் அம்சவல்லி. "அவ வூட்லேர்ந்து பாத்தா தெரியற பக்கம் போடுய்யா."

"அப்ப பசங்க?"

"பசங்களுக்கு மேல கோணி கட்டிக்கலாம்."