மெத்தையின் நடுவில் பச்சைத் துணி

1

இந்தக் கதை என் சொந்தக் கற்பனை என்று எழுத ஆசைதான். ஆனால் இது என் அம்மா செண்பகத்தின் சந்தேகத்தில் பிறந்தது. பத்தொன்பது வருஷம் அதைச் சோறு போட்டு வளர்த்து, இந்த 1969இல் என் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சம்பவம் நடந்தபோது நான் நாற்பது நாள் குழந்தை. சாட்சி என்று என்னை நம்பவேண்டாம்.

முதல் வரியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அன்புள்ள அக்காள் அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசு... [அடித்துவிட்டேன். அன்பு இருந்ததா என்பதுதானே வழக்கு.]

திருட்டுத் துணியில் தைத்த... [இதையும் அடித்தேன். தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டால் கதை எதற்கு?]

2

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு செண்பகத்தின் அக்காள் புருஷன் பெரியசாமி, விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்து ஒரு துணிமூட்டையைக் கொடுத்தார்.

"உங்கக்கா ரெண்டு மாசமா குந்திக்கினு கையாலயே தச்சிச்சி. எல்லாம் உங்கம்மா சேலைங்க. புள்ளைய இதுல போடணுமாம்."

செத்துப்போன அம்மாவின் சேலைகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த குழந்தை மெத்தை. செண்பகம் துண்டு துண்டாகத் தடவிப் பார்த்தாள். புளிக்கறை படிந்தது, அம்மா களையெடுக்கப் போகும்போது கட்டியது. ஊதா, அக்காளும் தங்கையும் தூளியில் தூங்கியது. அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நடுத்துண்டுக்கு வந்ததும் கை நின்றது.

பச்சையில் மஞ்சள் கட்டம். மண்ணுக்குள் இருக்கவேண்டிய சேலை அது.

(வாசகர்களுக்கு ஒரு விவரம். அது என் பாட்டியின் கல்யாணச் சேலை. "பெட்டியில வைக்கும்போது எனக்கு இதத்தான் கட்டணும்" என்று இரண்டு மகள்களிடமும் சொல்லி வைத்திருந்தாள். செப்டம்பரில் அவள் செத்தபோது செண்பகத்துக்கு ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அடுத்த தெருவில் உட்காரவைத்துவிட்டார்கள். குளிப்பாட்டி உடுத்தியது அக்காள் சவுரியம்மாள். "பச்சதான் கட்டினேன்" என்று வந்து சொன்னதும் அவளேதான்.)

"மாமா, அக்கா வேற எதுனா சொல்லிச்சா?"

"இன்னா சொல்லும்? நடுவுல இருக்கறதப் பாத்தா அவளே புரிஞ்சிக்குவான்னுச்சி."

3

புரிந்துகொள்ள இரண்டு வழி எழுதி வைத்திருக்கிறேன்.

அ. சவுரியம்மாள் நல்ல சேலையை ஒதுக்கிக்கொண்டு, பெற்றவளைக் கந்தையில் புதைத்தாள். பிறகு மனசு உறுத்தியது. பாவத்தில் ஒரு பங்கைத் தங்கைக்கும் அனுப்பிவிட்டாள்.

ஆ. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத தங்கைக்காக, பெட்டி மூடுமுன் முந்தானையில் ஒரு முழம் கிழித்துக்கொண்டாள்.

இரண்டாவதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அதை நான் நம்பவில்லை. [அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் அரண்டவர்கள் இரண்டு பேர்.]

4

ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் நீ திருடினாயா என்று கூடப்பிறந்தவளை எந்த வார்த்தையில் கேட்பது? செண்பகம் மெத்தையை மடித்துப் பெரியசாமியிடமே நீட்டினாள்.

"புள்ளைக்கு உடம்பு சூடு மாமா. மெத்த ஒத்துக்காது. அக்காகிட்டயே குடுத்துடுங்க."

"மனசுல எதுனா வச்சிக்கினு சொல்றியா?"

"இல்லீங்க மாமா."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு இந்த வீட்டார் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவர்களும் இங்கே வரவில்லை. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ்

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.]

5

பெரியம்மா இன்னும் விழுப்புரத்தில்தான் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பேனாவை மூடிவிட்டுப் போய்க் கேட்டுவிடலாம், நான் போகவில்லை. பதில் அ என்றால் அம்மாவின் கோபம் நியாயம். ஆ என்றால்? இந்த மாதம் அம்மா எழுந்து உட்காருவதே இல்லை. அக்காள் பேச்சை எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். பெரியம்மா மறைக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்ட பதிலோடு திண்டிவனம் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள்.