நாலாம் குழாய்

கிளம்பி ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் பிப்பெட் பேசியது மொத்தம் ஒன்பது வாக்கியம் என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வாயாடி கணக்குச் சொன்னாள்.

"லேப்ல சொட்டு விடுற குழாய் மாதிரி பேச்சைச் சொட்டுச் சொட்டா விடுறதாலதான் காலேஜ்ல உனக்கு அந்தப் பேரே வெச்சோம். வேலை நிரந்தரம் ஆகப் போகுதேன்னு கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் சிரிச்சா முத்து உதிர்ந்துடுமா?"

பிப்பெட் சிரித்து வைத்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஆணை கைக்கு வரும். ஆனால் கடைசி மைல்கல்லில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயப்பட்டறையின் மதில் தொடங்குகிற இடத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

மதிலை ஒட்டி ஒரே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். இரும்புத் தொட்டிக்குக் கீழே ஒரு குழாய். அதன் முன்னால் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். நகமெல்லாம் நீலமேறிய ஒருத்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வண்டிக்கு மட்டும் ஊத்துங்க. தாகமா இருந்தா வீட்ல லாரித் தண்ணி இருக்கு, தர்றேன்."

"குழாய்த் தண்ணிக்கு என்னக்கா?" என்றாள் வாயாடி.

தண்ணீர் கொண்டுவந்தவள் பக்கத்தில் நின்ற தன் மகளின் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"எல்லா வீட்லயும் இதே கதிதான். இது போர்த் தண்ணி. நல்ல தண்ணின்னு எவனோ எழுதிக் குடுத்துட்டான். அப்புறம் எதுக்கு லாரின்னு கேக்குறாரு முதலாளி. மூணு மணிக்கு அதிகாரி வர்றாரு. அந்த ரிப்போர்ட் தப்புன்னு நாங்க காட்டலைன்னா நாளையிலேருந்து லாரி கிடையாது. அவங்க காகிதத்தைக் காட்டுவாங்க. நாங்க கையைக் காட்டணும்."

மணி இரண்டு நாற்பது.

அறிக்கையின் நகலைத் தொட்டியிலேயே ஒட்டியிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தின் பெயர் இருந்த தலைப்பு ஈரத்தில் கரைந்திருந்தது. வாயாடி குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் வரம்புக்குள்ளன்னு போட்டிருக்கே! கீழ கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. இந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான், ஒரு சொம்பு புகட்டிட்டுத்தான் மறுவேலை."

"ஒண்ணு போதுமா?" என்றது ஒரு குரல். பெண்கள் சிரித்தார்கள். பிப்பெட் வாளியில் மிதந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதிரி எடுத்த இடம், நாலாம் குழாய்," என்று வாயாடி மேலே படித்தாள்.

"நாலாம் குழாயா?" நீல நகக்காரி கிட்டே வந்தாள். "எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒத்தக் குழாய்தானேம்மா. பட்டறைக்குள்ளதான் நம்பர் போட்டிருக்கும். நாலாவது கேன்டீன் குழாய். அதுல முனிசிபாலிட்டி தண்ணில்ல வருது!"

பிப்பெட்டுக்கு அந்தச் சோதனைக் குழாய் கண்முன் வந்தது. மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக மாறிய தண்ணீர். குளோரின். முனிசிபாலிட்டி தண்ணீரில் கலக்கும் குளோரின், எதுவும் கலக்காத போர்த் தண்ணீரில் எப்படி வரும் என்று அன்றைக்கே மேலாளரிடம் கேட்டாள். "தண்ணி பாஸாயிடுச்சேன்னு கவலைப்படுற முதல் ஆளு நீதான்மா," என்று அவர் பேனாவை நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

"இஞ்சின் ஆறிடுச்சு, ஏறுடி," என்றாள் வாயாடி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாவமாத்தான் இருக்கு. நாம என்ன பண்ண முடியும்?"

பிப்பெட் காரின் கதவைத் திறந்தாள். சாலை காலியாக நீண்டு கிடந்தது. அதன் கோடியிலிருந்து ஒரு ஜீப் வந்து பட்டறை வாசலில் நின்றது. நீல நகக்காரி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

கதவு மூடும் சத்தம் கேட்டு வாயாடி திரும்பினாள். பிப்பெட் வெளியேதான் நின்றிருந்தாள்.

"அக்கா!"

இவ்வளவு சத்தமாக அவள் பேசி வாயாடியே கேட்டதில்லை. நீல நகக்காரி நின்றாள்.

"அது என் கையெழுத்துக்கா. சோதனைக்குப் பாட்டில்ல வந்தது உங்க தண்ணி இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."