காஜா மைதீனின் இடதுகால் துடிப்பு

ரத்தநாள அறுவை சிகிச்சை வார்டில் நாடித்துடிப்புகள் டெல்வினைக் கண்டால் எழுந்து நிற்கும். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கட்டில்களின் கால்மாட்டில் போர்வைகள் லேசாக உயரும். விரல் வைத்துத் தேடவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. "உக்காரு, உக்காரு" என்று சொல்லிக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போவான்.

முத்துமீனா வந்தால் அவை முழங்காலுக்கு மேலே ஏறிப் போய்விடும்.

இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். பொது அறுவை சிகிச்சை படித்து முடித்த பிறகு, ரத்தக்குழாய்களுக்கென்று தனியாக மூன்று வருடம். முத்துமீனா விருதுநகர்க்காரி. தங்கப் பதக்கம் வாங்கியவள். தலைமுடியைவிட மெல்லிய நூலால் தக்காளித் தோலைத் தைத்துப் பழகியவள். அவள் தைத்த தக்காளியிலிருந்து ஒரு சொட்டு சாறு வெளியே வராது. டெல்வின் மணப்பாட்டுக்காரன். அவன் தக்காளியைத் தின்றுவிடுவான்.

பயிற்சி முடிந்ததும் ஒருவர் மட்டும் ஃபெல்லோவாக அங்கேயே தங்கி, வயிற்றுப் பெருந்தமனி ஆபரேஷன்களைக் கற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு சீட். அது துறைத் தலைவர் ஆவுடையப்பன் சாரின் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்தது. தேக்கு நாற்காலி. முதுகில் வெள்ளைத் துண்டு. போன ஃபெல்லோ எழுந்திருக்க மறுத்ததால் வெந்நீர் ஊற்றித்தான் அவரைப் பெயர்த்து எடுத்தார்கள். துண்டு இன்னும் காயவில்லை.

முத்துமீனா தினமும் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அந்த அறைக்குள் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, டெல்வின் முதன்முதலாகக் கழுத்துத் தமனியைத் தனியாகத் திறந்து மூடிய அன்று. அவள் நர்ஸ்கள் அறையில் நின்றுகொண்டிருந்தாள். சகாயமேரி சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யாரு அடுப்பு பத்த வச்சது?"

"நான்தான் சிஸ்டர். வயிறு எரியுது."

சிஸ்டர் புறங்கையை அவள் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க டாக்டர்."

அதன்பிறகு அந்த வார்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்கவில்லை. பால் பொங்கத் தாமதமானால் சிஸ்டரே பேச்சு எடுத்துக் கொடுப்பார். "பெரிய சார் இன்னிக்கு டெல்வின் சாரைத் தோள்ல தட்டினாரே, பாத்தீங்களா?" பால் பொங்கும். ஒருநாள் ஒரு நோயாளியின் மனைவி டெல்வினுக்குக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பாதியை அவன் முத்துமீனாவுக்கென்று தாளில் பொதிந்து எடுத்து வைத்திருந்தான். அன்று பாத்திரம் அடி பிடித்துவிட்டது.

பிறகு ஹாஸ்டலிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற காரிடார் அவளுக்கு மட்டும் குறுகத் தொடங்கியது. முதலில் தோள் உரசியது. பிறகு பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடிந்தது. அவள் ஆவுடையப்பன் சாரிடம் சொன்னாள். அவர் வந்து ஸ்டெதஸ்கோப்பைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"புஸ்புஸ்னு சத்தம் வருது. அடைப்புதான்."

"என்ன செய்யலாம் சார்?"

"இப்ப ஒண்ணும் வேண்டாம். தெனமும் நட. வலிச்சா நில்லு. வலி போனதும் திரும்ப நட."

"சரியாயிருமா சார்?"

"சிலருக்கு ஆவும்," என்றார் அவர். அவருடைய ஊர் அம்பாசமுத்திரம். அங்கே இதற்குமேல் யாரும் ஆறுதல் சொல்வதில்லை.

டெல்வின் அதே காரிடாரில் கையை வீசிக்கொண்டு, பன்னைக் கடித்துக்கொண்டு வந்தான். "மீனா, நீ என் பக்கத்துல வாயேன். இங்க எடம் கெடக்கு."

"வேண்டாம்," என்றாள் அவள். கோட்டுப் பொத்தான்கள் சுவரில் உரச, நகர்ந்து நகர்ந்து போனாள். போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. டெல்வின் தையல் போட்டுக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் காஜா மைதீன் வந்தார். கடையநல்லூர் லாரி டிரைவர். பீடி குடித்துக் குடித்து இடதுகாலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிட்டன. ஆவுடையப்பன் சார் தொடையிலிருந்து கணுக்கால்வரை புதுப் பாதை போட்டிருந்தார். ரத்தம் போனது. பாதம் சூடாகவும் இருந்தது. ஆனால் துடிப்பு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"வியாழக்கிழமை ரவுண்ட்ஸ்ல பாப்போம்," என்றார் ஆவுடையப்பன் சார். "யாரு கைக்கு அது தட்டுப்படுதோ, அவங்களுக்குத்தான் சீட்."

"யாருக்கும் தட்டுப்படலேன்னா சார்?" என்று டெல்வின் கேட்டான்.

"காலை எடுத்துர வேண்டியதுதான்."

"அப்ப சீட்?" என்று முத்துமீனா கேட்டாள்.

"அதுக்கும் நாலு கால் இருக்கு," என்றார் அவர்.

முந்தின நாள் மத்தியானம் அவள் தனியாக வார்டுக்குப் போனாள். காஜா மைதீன் தலையணையில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"உங்க துடிப்பு எங்க பாய்?"

"அது கூச்ச சுபாவம் டாக்டரம்மா. ஆளு பாத்தா வராது. நீங்க செக்போஸ்ட்டு போலீசு மாதிரி வாறிய. அது எப்பிடி வரும்?"

"டெல்வின் வந்தா வருமோ?"

"வரும்னுதான் நெனைக்கேன். நேத்து அந்தத் தம்பி பேசுறப்போ உள்ளுக்குள்ள காதுகொடுத்துக் கேட்டுச்சு."

முறுக்கு முடிந்தது. அவர் தூங்கிப்போனார். முத்துமீனாவுக்குக் கோட்டு கருகும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

ஜன்னல் வெயில் கட்டிலில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் போர்வைக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. அரைநெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அவளைக் கவனிக்கவில்லை. வெயிலில் படுத்து மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். காஜா மைதீனின் பாதம் வெளுத்தது. போர்வையை இழுத்து மூடினாள்.

பைக்குள் அது முதலில் பதறியது. பிறகு அவள் உள்ளங்கையைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்துகொண்டது. அவள் இடது கையாலேயே சாப்பிட்டாள், இடது கையாலேயே முகம் கழுவினாள். இதுவரை எந்தத் துடிப்பும் அவள் கையில் உட்கார்ந்ததில்லை. திரும்ப வைத்துவிடலாம் என்று வார்டுவரை போனாள். டெல்வின் காஜா மைதீனின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான். "ஏன் பாய் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல் கேட்டதும் அவள் பைக்குள் அது எழுந்து நின்றது.

அவள் கையை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பாதம் நீலமாக இருந்தது. டெல்வின் விரல்களை வைத்தான். வார்டில் இருந்த மற்ற துடிப்புகள் எல்லாம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தன. அவன் விரலை மாற்றி மாற்றி வைத்தான். "வாப்பா," என்றான். "வந்துரு ராசா," என்றான். ஒன்றும் வரவில்லை. முத்துமீனா அவன் முகத்தைப் பார்த்தாள். அது கோணுவதை முதல்முறையாகப் பார்க்கிறாள். கொஞ்சம் இதமாக இருந்தது.

"சார், பாய்க்குக் கால் போயிரும் சார்," என்றான் அவன். சீட்டைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மீனா, நீ பாரு," என்றார் ஆவுடையப்பன் சார்.

அவள் பையிலிருந்து மூடிய கையை எடுத்துக் கணுக்காலின்மேல் கவிழ்த்தாள். அது அவள் உள்ளங்கையை விட்டு இறங்க மாட்டேன் என்றது. விரல் இடுக்கில் ஒண்டிக்கொண்டது. "போ," என்று அவள் யாருக்கும் கேட்காமல் சொன்னாள். அது போயிற்று. பாதம் சிவந்தது.

ஆவுடையப்பன் சார் விரல் வைத்துப் பார்த்தார். "இருக்கு."

டெல்வின் காஜா மைதீனைக் கட்டிப்பிடித்தான். பிறகு முத்துமீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "மீனா! எங்க இருந்துச்சு அது?"

"இங்கதான்."

"நீ பெரிய ஆளுதான்," என்றான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தில் எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று தேடினாள். ரத்தக்குழாயில் தேடுவதுபோல மேலிருந்து கீழ்வரை தேடினாள். ஒன்றுமில்லை. உண்மையாகவே சந்தோஷப்படுகிறான். அடுத்தவருக்காக இப்படிச் சந்தோஷப்பட இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த வகுப்பு நடந்த அன்று அவள் லீவு போட்டிருக்க வேண்டும். இது எரிந்த மாதிரி அவளுக்கு வேறெதுவும் எரிந்ததில்லை. சிஸ்டர் பெரிய பாத்திரம் எடுக்க ஓடினார்.

நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தாள். துண்டு ஈரமாக இருந்தது. பரவாயில்லை. சாய்ந்துகொண்டாள்.

டெல்வினுக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான். "வாரேன் மீனா. உடம்பப் பாத்துக்க."

"சரி," என்றாள்.

அவன் வார்டு வழியாக நடந்தான். துடிப்புகள் வழக்கம்போல எழுந்து நின்றன. போகிற அவசரத்தில் அவன் "உக்காரு" என்று சொல்ல மறந்துவிட்டான். அதனால் அவை உட்காரவில்லை. கட்டில்களிலிருந்து இறங்கி அவன் பின்னால் போயின. துடிப்புகளின் பின்னால் நோயாளிகள் போனார்கள். சிலர் குளுக்கோஸ் பாட்டிலைத் தாங்களே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். காஜா மைதீன் முன்னால் நடந்தார். இடதுகால் நன்றாக இருந்தது.

"எல்லாரும் வாங்க," என்றார். "கீழ லாரி நிக்கி. நான் ஓட்டுறேன்."

சகாயமேரி சிஸ்டர் அறை வாசலில் எட்டிப் பார்த்தார். "என்னோடதும் போகுது டாக்டர். நான் என்ன பண்ணட்டும்?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆவுடையப்பன் சார் தன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து எங்கூட இருக்கு," என்றார். பிறகு அவரும் செருப்புப் போடாமல் ஓடினார்.

வார்டு காலியானது. மின்விசிறி மட்டும் சுற்றியது. முத்துமீனா நாற்காலியில் இருந்தாள். இடது மணிக்கட்டில் என்னவோ ஊர்ந்தது. பார்த்தாள். அவளுடைய துடிப்பு தோலுக்கு அடியில் எழுந்து நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரு," என்றாள்.

அது உட்காரவில்லை.

"நீ என்னோடது," என்றாள்.

அது ஒரு பேச்சுக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கைப் பக்கமாக இறங்கத் தொடங்கியது.

மேசைமேல் தட்டில் கருவிகள் இருந்தன. ரத்தக்குழாயைக் கவ்விப் பல் பல்லாக இறுகுகிற கிளாம்ப் ஒன்றை எடுத்து மணிக்கட்டில், துடிப்புக்கு முன்னால், வழியை மறித்துப் போட்டாள். கை வெளுத்தது. அடுத்து என்ன நிறம் வரும், அதற்கடுத்து என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் படித்தது அதைத்தான். கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். டெல்வின் யாரையோ பார்த்து உட்காரச் சொன்னான்.

முத்துமீனா கிளாம்பை இன்னொரு பல் இறுக்கினாள்.