கடலுக்குள் போன மூன்று புத்தகங்கள்

என் வீட்டுக்காரர் ஜெபசிங் ஒற்றை ஆள் நீர்மூழ்கி ஒன்று செய்யப்போவதாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு அவர் புத்தகம் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்துத்தான் வந்தது.

நான் செங்கல்பட்டில் ஒரு சின்ன நூலகத்தில் நூலகர். ஓர் அட்டைக்கு மூன்று புத்தகம். சனிக்கிழமை காலை வந்தவர் மத்தியானம்வரை பொறியியல் அலமாரி முன்னால் நின்றார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் காற்றை அழுத்தி அடைக்கும் தொட்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறவர். கடைசியில் மேசைமேல் வைத்ததில் ஒன்று காற்றுத் தொட்டி பற்றியது, இன்னொன்று பாய்லர், மற்றது வெல்டிங்.

"கடலுக்கடில இன்னாதான் பாக்கப்போற?" என்றேன்.

"இன்னா கீதுன்னுதான்."

"மீன் கீது."

கப்பல் கட்டுவது பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. நீர்மூழ்கிக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பதினோரு வருடமாக யாரும் தொடவில்லை. தூசி தட்டி நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினார்.

"ஒரே கணக்கா கீது ரூத்து. நம்ம தொழில் இதுல ஒண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசகர் விருப்பத்தில் நூலகர் தலையிடக் கூடாது. மனைவியாகத் தலையிட்டுப் பார்த்தேன். அதுவும் எடுபடவில்லை.

நாலு மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் நீர்மூழ்கி தயார். மூன்று மில்லிமீட்டர் தகடு, ஓர் இருக்கை, பக்கத்தில் ஒரு குட்டி அலமாரி. அலமாரி அந்த மூன்று புத்தகத்துக்கு. கடலுக்கடியில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் வாரா வாரம் அவற்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன், என் தலையெழுத்து.

கம்பெனி வழக்கப்படி சோதனையும் செய்தார். உள்ளே தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்துப் பத்து கிலோ அழுத்தம் ஏற்றினார். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"இருவது மீட்டர் ஆழத்துல ரெண்டு கிலோதான். நான் பத்து பாத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழம எறங்குறேன்."

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தடித்த புத்தகத்தைப் பிரித்தேன். கணக்கு எனக்கும் விளங்கவில்லை. ஒரு வரி விளங்கியது. வீட்டுக்குப் போய் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்தேன்.

"ஊது."

கன்னம் வீங்க ஊதினார். பாட்டில் அப்படியே இருந்தது.

"இப்ப உறிஞ்சு."

பாட்டில் சட்டென்று ஒடுங்கியது.

"இது பிளாஸ்டிக்கு ரூத்து. அது இரும்பு" என்றார்.

"யோவ், நீ தண்ணிய உள்ள வுட்டு டெஸ்ட் பண்ணே. கடல் உள்ளயா இருக்குது?"

ராத்திரி சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு. காலையில், "சரி, மொத தபா நான் இல்லாம" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாமல்லபுரத்தில் பெரிய படகு வைத்திருக்கும் வேண்டாக்கா நீர்மூழ்கியைச் சுற்றிவந்து பார்த்தது. "இன்னாமே, தண்ணி டேங்க எதுக்குக் கடல்ல கரைக்கிறீங்க?" என்றது. இழுத்துக்கொண்டு வெகுதூரம் போனோம். இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டியிருந்தார். புத்தகங்களையாவது எடுத்து வைக்கச் சொன்னேன்.

"எல்லாம் அப்பிடியே இருந்தாத்தான் டெஸ்டு."

அடியில் இருந்த பெட்டிகளில் தண்ணீர் நிரம்ப, அது இறங்கியது. அதைக் கட்டியிருந்த கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. மூன்றாவது முடிச்சு தண்ணீருக்குள் போனதும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலாவது போகுமுன் கீழே 'டொம்' என்று ஒரு சத்தம். கயிறு துள்ளியது.

வலை இழுக்கும் மெஷினில் மேலே ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பக்கத் தகடும் அந்தப் பக்கத் தகடும் ஒட்டிக்கிடந்தன. இடுக்கில் மணல் வழிந்துகொண்டிருந்தது. ஜெபசிங் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார்.

"வெல்டிங் ஒண்ணுகூட வுடல ரூத்து" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டேன். வேண்டாக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு படகைத் திருப்பியது.

செவ்வாய்க்கிழமை அவர் நூலகத்துக்கு வந்து அந்தத் தடித்த புத்தகத்தைக் கேட்டார். எடுத்த மூன்றையும் திருப்பாமல் நாலாவது தர விதியில் இடமில்லை என்றேன். அதை அலமாரியிலிருந்து எடுத்துப் போய் வாசிப்பு மேசையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

நான் இழப்புப் பதிவேட்டை எடுத்தேன். புத்தகங்கள்: மூன்று. காரணம்: கடலில் நசுங்கியது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். என் பணிக்காலத்தில் அதை நான் நிரப்பியதே இல்லை. தலையைத் தூக்கி ஒருமுறை வாசிப்பு மேசையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு, 'வாசகர் நலம்' என்று எழுதினேன்.