ஆறு வயதில் முளைக்கும் பல்

ஆறு வயதில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது எந்தப் பாற்பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. வரிசையின் கடைசியில், ஈறைக் கீறிக்கொண்டு சத்தமில்லாமல் வந்து நிற்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பாற்பல் என்றே நினைப்பார்கள். சொத்தையானால், விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அது ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல்.

அதன் தலையில் பள்ளங்கள் உண்டு. பிரஷ்ஷின் ஒற்றை நார்கூட நுழையாத அளவுக்குக் குறுகலானவை. பல் முளைத்த புதிதிலேயே அந்தப் பள்ளங்களில் கூழ் போன்ற ஒரு மருந்தைத் தடவி நீல விளக்கைக் காட்டினால், அரை நிமிடத்தில் இறுகி மூடிக்கொள்ளும். ஊசி கிடையாது, வலியும் கிடையாது. அரசாங்கத்தில் காசும் வாங்குவதில்லை.

காரைக்காலுக்கு வடக்கே ஓர் அரசு சுகாதார நிலையத்தின் பல் பிரிவில் நான் உதவியாளன். போன வருஷம் இந்த மருந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். டாக்டர் தேவிகா வாயைப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். எழுதுகிற அட்டையை நானே தயாரித்தேன். நடுவில் பல் வரிசையின் படம், மேலே பெயர், வகுப்பு, வலது மூலையில் ரேஷன் கார்டு எண்ணுக்கு ஒரு கட்டம். ஒரே பெயரில் பல பிள்ளைகள் இருப்பார்களே, குழப்பம் வரக்கூடாது என்று போட்டது. முதல் நாளே அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி நிரப்பி வரச் சொல்வோம்.

பூவம் பக்கத்துப் பள்ளியில் அன்று ஏழு பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல் என்று குறித்துக்கொண்டேன். வந்தவர்களில் ஒருவரையும் விடவில்லை என்று அறிக்கையில் பெருமையாக எழுதினேன்.

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கன்னம் வீங்கிய ஒரு சிறுமியை அவள் அம்மா அழைத்து வந்தார். பெயர் மர்யம், ஊர் தலத்தெரு என்று சொல்லி ரேஷன் கார்டை நீட்டினார். எண்ணை வைத்து மர்யமின் பழைய அட்டையை ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டையும் மருந்தால் மூடியாகிவிட்டது என்று என் கையெழுத்து சொன்னது. நாற்காலியில் படுத்திருந்தவளின் இடது பல்லோ கறுத்துக் குழிந்து கிடந்தது. வலது பல்லில் மருந்து பட்ட அடையாளமே இல்லை.

“இது மர்யம் இல்லையே, டாக்டர்” என்றேன்.

கதவு திறந்திருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டுபிடித்துவிட்ட குதூகலம் என் குரலில் இருந்தது. அந்த அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். திறந்த வாயை மூடாமலே சிறுமி அழுதாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

“அக்கா மவ கார்டு சார் அது. இவ அஃப்ரா. எங்களுக்குத் தமிழ்நாட்டுக் கார்டு. அதக் காட்டுனா பாக்கமாட்டீங்கன்னுதான்...”

அப்படி யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துல குடுத்த அட்டையிலயே இருந்துச்சே டாக்டர்.”

அவர் பெயர் ஜொஹரா. வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பள்ளிக்கூடம் புதுச்சேரியைச் சேர்ந்த இந்தப் பக்கம்தான் கிட்ட. எங்கள் மாவட்டத்தில் ரேஷன் கார்டு எண்ணைக் கேட்டால், புதுச்சேரி கார்டுக்காரர்களுக்கு மட்டும் என்றுதான் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. எல்லார் முன்னாலும் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே போகச் சொன்னால் கேவலம் என்று, போன வருஷம் அவர்கள் தெருவே அந்த ஏழு பிள்ளைகளையும் வீட்டில் நிறுத்திவிட்டிருக்கிறது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “பல்லுக்கு எதுக்கு சிவநாதன் அரிசி கார்டு?”

என்னிடம் காரணம் இருந்தது. கையிலிருந்த மர்யமின் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

“அப்ப போன வருஷமே பல்லக் காட்டியிருக்கலாமா சார்?” என்றார் ஜொஹரா.

“காட்டியிருக்கலாம்ங்க. அந்தக் கட்டத்தப் போட்டது நான்தான். யாரும் போடச் சொல்லல.”

ஜொஹரா பல்லைப் பற்றி டாக்டரிடம் கேட்டார். வீக்கம் வடிய ஐந்து நாள் மாத்திரை, பிறகு இடது பல்லை எடுத்துவிட வேண்டும், மற்றதை மூடிக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

“எடுத்த எடத்துல வேற முளைக்குமா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். இதையெல்லாம் படம் வரைந்து விளக்குகிறவன் நான்.

“முளைக்காதுங்க” என்றேன்.

ஜொஹரா மகளின் காதைத் துடைத்துவிட்டார். மற்ற ஆறு பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், தலைமையாசிரியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“அனுப்பாதீங்கன்னு வீடு வீடாச் சொன்னதே நான்தான் சார். இப்ப நான் போயி மாத்திச் சொன்னா எவ நம்புவா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு எல்லாரும் தெருவுல நிப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

“என்னன்னு சொல்லணும்ங்க?”

“அந்தக் கட்டத்தப் பத்தி இப்ப எங்கிட்ட சொன்னத.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.