தாவூத் பாயின் பெட்டியில் இருந்தவர்

மலாக்காவின் காஜா பெராங்கில் எந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும் துணி வியாபாரி தாவூத் பாய்க்கு முதலில் வருவது தும்மல்தான். "கடைசி விலை என்ன பாய்?" என்று ஒருத்தி கேட்டு, அவர் தும்மி முடிப்பதற்குள், கேட்டவளின் காதுத்தோடு, கதவின் வர்ணம், அடுப்படியிலிருந்து வரும் குழம்பு வாசனை எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு விலை தயாராகிவிடும். அந்த விலையைப் பாதியாக அறுப்பதில் அங்குள்ள பெண்கள் கெட்டிக்காரிகள். வருஷக்கணக்காக அப்படித்தான் போயிற்று, சண்டையும் சிரிப்பும் சேலையுமாக.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருஷம் அது. பாயின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில், சீட்டுக்குப் பின்னால் பெரிய தகரப் பெட்டி ஒன்று உண்டு. கடல் காற்றில் அதன் பூட்டு துருப்பிடித்து முரண்டு பிடித்தது. ஒரு நாள் தெங்கேராவில் சாவியும் சாக்கடையில் விழுந்துவிட, பூட்டை உடைத்துத் திறப்பதற்குள் சேலை கேட்டவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே பாய் சாவியைத் தலைமுழுகினார்.

பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த தாழ்ப்பாள் ஒன்றைத் தாமே பொருத்தினார். மூடியைத் தூக்கிவிட இன்னும் இரண்டு ஸ்பிரிங். தாழ்ப்பாளிலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் கம்பியைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து, ஹேண்டில் பிடியில் கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரேக் பிடியோடு கட்டினார். பிடியை லேசாக அழுத்தினால் போதும். 'டக்' என்று பின்னால் மூடி தானாக எழும்பும். கம்பியை வெட்டும்போது மட்டும் துணிக்காரப் புத்தி அவரை விடவில்லை. அளந்த அளவுக்கு மேல் ஒரு விரற்கடைகூட விடாமல் நறுக்கினார். உபரி விடுவது நஷ்டம் என்று கைக்கே பழகியிருந்தது.

முதல் நாள், மலாக்கா செட்டிக் குடும்பங்கள் இருக்கும் தெருவில் நிறுத்தினார். அவர்களுக்குப் பெயரும் கோவிலும் நம்முடையவை; பேச்சு மட்டும் மலாய். பாய் ஹேண்டிலைப் பிடித்தபடி நிற்க, பெட்டி வாயைத் திறந்தது. வாசலில் நின்ற அம்மாள் பின்வாங்கினாள்.

"சியாப்பா பூக்கா?" யார் திறந்தது என்று கேட்கிறாள்.

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. நாளெல்லாம் 'காயின் ஹாலுஸ்', நயமான துணி, என்று கூவி விற்கிற வாய் அது. நயமான கைவேலைக்காரன் செய்தது என்று சொல்ல நினைத்து, தம் கடைத்தெரு மலாயில், "ஓராங் ஹாலுஸ் பூன்யா கெர்ஜா!" என்றார்.

துணி ஹாலுஸாக இருந்தால் நயம். ஆள் ஹாலுஸாக இருந்தால், மலாயில் அது கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிற ஆவி. 'இது ஆவி செய்கிற வேலை' என்று பாய் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. விலை கேட்டாள். பாய் தும்மினார், சொன்னார். அவள் பேரம் பேசவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டு, துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வீடு திரும்பும் வழியில்தான் சொன்ன வார்த்தையின் பொருள் பாய்க்கு உறைத்தது. நாளைக்குப் போய்த் திருத்திவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மறுநாள் பக்கத்துத் தெருவிலும் யாரும் பேரம் பேசவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்கிறாயே என்று பள்ளிவாசலில் நின்றபோது மனசு ஒரு தடவை கேட்டது. அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்று மனசோடும் ஒரு பேரம் பேசி முடித்தார்.

மெல்ல மெல்ல ஊர் மாறியது. அவருடைய என்ஜின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெட்டியின் கைப்பிடியில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒருத்தி மூடிய பெட்டியில் வாயை வைத்து நெடுநேரம் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு உள்ளிருந்து பதில் வந்தது போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். பாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு பெட்டி தானாகவே திறக்க ஆரம்பித்தது.

"ஏங்க, பெட்டிய மூடித்தானே சந்துக்குள்ள வச்சீங்க?" என்று ஒரு காலையில் அவர் மனைவி சபியா கேட்டாள்.

"மூடித்தான் வச்சேன்."

"பின்ன யாரு தொறந்தா?"

போய்ப் பார்த்தார். ஹேண்டிலை ஒடித்துத்தான் அந்தக் குறுகல் சந்துக்குள் வண்டியை நுழைக்க முடியும், நுழைத்தபடியே நின்றிருந்தது. மூடி மட்டும் திறந்து கிடந்தது. துணி ஒன்றும் கலையவில்லை.

"காத்து அடிச்சிருக்கும்."

"சந்துக்குள்ள ஏதுங்க காத்து? உள்ள யாரோ இருக்கிறதா ஊரே பேசுது. நீங்கதான் கூட்டிக்கிட்டு வந்தீங்களாம்."

"போடி, வேலையப் பாரு" என்றார் பாய். மூடியை அழுத்தும்போது உள்ளிருந்து எதுவும் தள்ளுகிறதா என்று கை தானாகவே சோதித்துப் பார்த்தது.

தீபாவளி நெருங்கியது. மூன்று தலைமுறைத் துணியையும் அவரிடமே எடுக்கிற கணக்கெழுதும் கிராணி வீட்டம்மா சாரதாம்பாள் ஆள் அனுப்பினாள். போனால், துணி பேச்சே இல்லை.

"என் ரெட்டைவடச் சங்கிலிய காணோம் பாய். வீட்டு ஆளுங்க யாரோதான் எடுத்திருக்கணும். உங்க பெட்டி மேல ஒவ்வொருத்தரா கை வைக்கட்டும். எடுத்தவ கைய வச்சா உள்ள இருக்கிறவரு தொறந்துடுவாரு."

"அதெல்லாம் வேணாம்மா. போலீசுக்குச் சொல்லுங்க."

"போலீசு கெடக்கு. இத செஞ்சு குடுங்க, இந்த லைன்ல அத்தன வீட்டுத் தீபாவளித் துணியும் உங்ககிட்டதான்."

பாய் தும்மக்கூட இல்லை, கணக்கு முடிந்துவிட்டது. பிடியைத் தொட்டால்தானே பெட்டி திறக்கும்? சந்தில் திறந்தது காற்றாகத்தான் இருக்கும். தொடாமல் தூர நின்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. எல்லாரும் யோக்கியர்கள் என்று ஆகிவிடும், துணியும் விற்கும். சரி என்றார்.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த பொழுது. முற்றத்து மண் ஊறிக் கொழகொழத்திருந்தது. வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திவிட்டு, பாய் தள்ளிப்போய் மாமரத்தடியில் நின்றார். சாரதாம்பாள் பெட்டிமேல் ஒரு விளக்கை ஏற்றிவைத்தாள். காற்றில்லை. ஆனாலும் விளக்கு ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிந்தது.

தோட்டக்காரன் வந்தான். விரல் நுனியால் தொட்டான், நெருப்பைத் தொட்டவன் போல எடுத்துக்கொண்டான். துணி துவைக்கிறவள் வந்தாள். கண்ணை மூடி, நகம் மட்டும் பட, தொட்டாள். பெட்டி அசையவில்லை.

கடைசியாகச் சமையல்காரி பாக்கியலட்சுமி. தோட்டத்தில் புருஷன் செத்தபிறகு பிழைக்க வந்தவள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பெட்டிமேல் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்தி, "நான் எடுக்கல" என்றாள்.

வண்டி எங்கோ ஆழத்தில் முனகியது. 'டக்.'

விளக்கு உருண்டு அணைந்தது. மூடி மெல்ல, மிக மெல்ல, அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

பாயின் முதுகுத்தண்டில் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. பிடியை அவர் தொடவில்லை. யாருமே தொடவில்லை. அப்படியென்றால் உள்ளே ஆள் இருப்பது உண்மை. தாம் சொன்ன பொய்யைக் கேட்டு, நிஜமாகவே ஒருவர் வந்து குடியேறியிருக்கிறார். அந்தக் கணத்தில், காஜா பெராங்கில் அதை மற்ற எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் தாவூத் பாய்தான்.

"திருட்டுச் சிறுக்கி!" என்று சாரதாம்பாள் பாய்ந்தாள். "எங்கடி வச்சிருக்க? பொட்டி படுக்கைய தூக்கி வெளிய போடுங்கடா!"

பாக்கியலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. "பாய், உங்க பெட்டிதானே? நீங்க சொல்லுங்க பாய். நான் எடுத்தேனா?"

கேட்டவளைப் பார்க்க முடியாமல் பாய் தலை குனிந்தார். கண் வண்டியின் அடியில் விழுந்தது. ஸ்டாண்டு சேற்றில் பாதி புதைந்திருந்தது. வண்டி முன்னைவிடச் சாய்ந்திருந்தது. சாய்ந்ததில் முன்சக்கரம் முழுக்க இடதுபுறம் திரும்பி நின்றது. சந்துக்குள்ளும் அது அப்படித்தானே நிற்கும்? அருகில் போய் ஹேண்டிலுக்குக் கீழே விரலை விட்டார். ஹேண்டில் திரும்பியதில் கம்பி இழுபட்டு, வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. ஒரு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தால் விறைத்திருக்காது.

பயந்தவர்கள் தொட்டுவிட்டு ஓடினார்கள். பயமில்லாதவள் முழுக் கையையும் வைத்து அழுத்தினாள். அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வாயைத் திறந்தால் இந்தத் தீபாவளி மட்டுமல்ல, இனி வரும் தீபாவளிகளும் போச்சு. பாய் ஹேண்டில் பிடியை ஒரு கணம் வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இதுக்குள்ள யாரும் இல்ல. ஒரு கம்பிதான் இருக்கு. நான் மாட்டினது" என்றார். "ஹாலுஸ்னு ஒரு வார்த்தைய தப்பா சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சும் திருத்தல. அதுல லாபம் இருந்துச்சு."

சாரதாம்பாள் இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள். "அவ கெஞ்சுறத பாத்து மனசு எளகிட்டீங்க பாய். இப்படி இல்லைனு சொன்னா உள்ள இருக்கிறவரு கோவிச்சுக்கப் போறாரு."

பாய்க்கு மறுபடியும் சிலிர்த்தது. பொய்யைச் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பிய ஊர், உண்மைக்குப் பேரம் பேசுகிறது.

வண்டியை நிமிர்த்தி, காய்ந்த இடத்தில் அல்ல, அதே சேற்றில் வேறொரு பக்கம் நிறுத்தினார். மூடியை அழுத்திச் சாத்தினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

"இப்ப நீங்க கைய வைங்கம்மா."

"நான் எதுக்கு?"

"வைங்க. பாக்கியம் வச்ச மாதிரி, முழுசா அழுத்தி."

ஆளுக்கு ஆள் அவளையே பார்த்தார்கள். வைக்காமல் இருக்க முடியவில்லை. வைத்தாள், அழுத்தினாள். ஸ்டாண்டு சேற்றில் இறங்கியது. ஹேண்டில் தூக்கத்தில் புரள்கிறவன் போல மெல்லத் திரும்பியது. 'டக்.'

சாரதாம்பாள் அலறிக்கொண்டு கையை இழுத்தாள்.

"சொல்லுங்கம்மா. உங்க சங்கிலிய நீங்களே திருடினீங்களா?"

தோட்டக்காரன் சிரிப்பை அடக்க இருமினான். பாய் சீட்டைக் கழற்றிக் கம்பியை எல்லாருக்கும் காட்டினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். தூறல் நின்றிருந்தது.

"சரி, சரி" என்று சாரதாம்பாள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ஏதோ நடந்துபோச்சு. பாக்கியம், நீ உள்ள போயி அடுப்ப பாரு. சங்கிலிய அப்புறம் தேடிக்கலாம்."

பாக்கியலட்சுமி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அம்மா, நான் எடுக்கலேனு என் வாயால சொன்னேன், நீங்க நம்பல. தகரப் பெட்டி சொன்னதும் நம்புனீங்க. இப்ப சைக்கிள் கம்பி சொல்லுது, அதையும் நம்புறீங்க. ஆவி இருக்கோ இல்லையோ, அது கெடக்கட்டும். உங்க சோத்த ஆக்கிப் போடுற மனுஷி ஒருத்தி எதுக்க நின்னு சொல்றாளே, அத மட்டும் நம்பாம இருக்கீங்களே, அதாம்மா மூடநம்பிக்கை."